தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கணக்கில் வேண்டாமா?

என் தாயார் மும்பையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீட்டில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதற்கு மேல் சமாதானம் சொல்லப் போவதில்லை.

சென்ற ஆண்டு அந்த இல்லத்திற்கு ஓர் ஆய்வுக்குழு வந்தது. முதியவர்களைத் தாக்கும் நுரையீரல் தொற்று பற்றிய ஆய்வு. புது மருந்து, ஊசி எதுவும் கிடையாது. தினமும் மூச்சை எண்ணுவார்கள். ஆக்ஸிஜன் அளவு பார்ப்பார்கள். சாப்பாடு, நடமாட்டம் பற்றிக் குறித்துக்கொள்வார்கள். அம்மாவுடன் அறையில் இருக்கும் மராத்தி மூதாட்டியைச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவைச் சேர்க்கவில்லை. "ஒப்புதல் படிவம் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, உங்கள் அம்மாவுக்கு மூன்றும் தெரியாதே" என்றார்கள். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்குச் சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. காய்ச்சல் இல்லை. "வயதாகிவிட்டது" என்றார்கள். நானும் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் மூச்சிரைப்பு. மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். பிழைத்துக்கொண்டார், பழைய நடை திரும்பவில்லை.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். முதியவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் இல்லாமலே வரக்கூடும். குழப்பம், சோர்வு, பசியின்மை மட்டுமே அடையாளமாக இருக்கலாம். நிமிடத்திற்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால் எச்சரிக்கை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1995 முதல் 1998 வரை 36 முதியோர் இல்லங்களில் 1,044 பேரை இப்படிக் கவனித்தார்கள். நோய் கண்ட 30 நாளில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்க உதவிய எட்டு விஷயங்களில் ஒன்று, முந்தைய மூன்று மாதத்தில் மனநிலை சரிந்திருப்பது! ஒருவருடைய மனம் சோர்ந்திருப்பதை அவரோடு பேசுகிறவர்தானே அறிய முடியும்?

பேசத் தெரிந்தவர்களையும் கையெழுத்துப் போடக் கூடியவர்களையும் மட்டும் தேர்ந்தெடுத்தால், கிடைக்கும் முடிவும் அவர்களுக்குத்தான் பொருந்தும். ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி வேண்டும் என்கிறது. தானே முடிவெடுக்க இயலாதவருக்காகச் சட்டப்படி உரியவர் ஒப்புதல் தரலாம். மொழி தெரியாது என்று ஒதுக்குவது சுலபம், நியாயம் ஆகாது.

ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஆள் வைக்க அவர்களிடம் பணமும் நேரமும் இருப்பதில்லை. நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்களே! ஓய்வுபெற்ற செவிலியர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் எத்தனை பேர் நம் சங்கத்தில்! பகுதிக்கு இரண்டு பேர் முன்வந்தால் போதும். படிவத்தைத் தமிழில் விளக்கலாம், சாட்சியாக இருக்கலாம். யாரையும் வற்புறுத்த வேண்டாம். "எனக்கு வேண்டாம்" என்று பெரியவர்கள் சொன்னால் அதையும் தமிழிலேயே கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மறுத்தாலும் அவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு குறையக் கூடாது என்பதும் விதிதான்.

அடுத்த செயற்குழுவில் இதைப் பேசுவோம். அதுவரை, பெற்றோரைப் பார்க்கப் போகும்போது பழத்தோடு ஒரு கைக்கடிகாரமும் கொண்டு போங்கள். அருகில் உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை.