பொன்னாடையைக் கச்சேரிக்குப் பிறகு போர்த்துங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் திருவிழா நோட்டீஸ்களைப் பாருங்கள். ‘மாபெரும் இன்னிசைக் கச்சேரி, இரவு 9 மணி’ என்று இன்றும் அச்சடிக்கிறார்கள். ஒன்பது என்றால் ஒன்பதே கால். அப்போதுதான் மேடையில் நாற்காலி போட ஆரம்பிப்பார்கள். அதில் மண்டகப்படிதாரர்கள் உட்காருவார்கள், பிறகு வெளியூரிலிருந்து வந்த பிரமுகர்கள், பிறகு அவர்களைக் கூட்டி வந்தவர்கள். வரிசையாகப் பொன்னாடை. ஒவ்வொருவரும் ‘இரண்டே நிமிடம்’ பேசுவார்கள். சட்டை மடிப்புக் கலையாமல் குழுக்காரர்கள் பின்னால் நிற்பார்கள். பிள்ளையார் பாட்டு முடிந்து அம்மன் பாட்டு தொடங்கும்போது இன்ஸ்பெக்டரிடமிருந்து போன் வரும். மணி பத்து. மறுநாள் டீக்கடையில் ஒரே பேச்சு: “கோர்ட்டு வந்து கச்சேரியையே அழிச்சுருச்சுண்ணே.”

எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. செக்காலை ரோட்டில் இரும்புச் சாமான் வியாபாரம் பார்க்கிற ஆள் நான். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கல்லூரி வயதில் ஓர் உள்ளூர் மெல்லிசைக் குழுவின் பின்னால் அலைந்தவன். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், கல்லல், குன்றக்குடி என்று அவர்கள் எங்கே மேடை ஏறினாலும் நாங்கள் நாலைந்து பேர் சைக்கிளில் முன்னாடியே போய்விடுவோம். மாசி, பங்குனி வந்தால் வீட்டில் படுத்தோம் என்பதே அபூர்வம். காரைக்குடி முத்துமாரியம்மன் பால்குடம், குன்றக்குடி பங்குனி உத்திரம், அடுத்துக் கொப்புடையம்மன் திருவிழா, நடுவில் ஊர் ஊராக மாரியம்மன் பொங்கல். பரீட்சையும் அதே மாதங்களில்தான் வரும். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

குழு என்றால் எட்டு, ஒன்பது பேர். டிரம்ஸ் அண்ணனுக்குப் பகலில் வெல்டிங் பட்டறை. தபேலாக்காரர் பள்ளிக்கூடத்தில் கிளார்க். காம்போ ஆர்கன் வாசித்தவர் தேவாலயத்தில் வாசித்துப் பழகியவர். எஸ்.பி.பி. குரலுக்கு ஒருவர், டி.எம்.எஸ். குரலுக்கு ஒருவர். லேடி சிங்கர் மட்டும் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ அம்மாவோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். கச்சேரிக்குத் தலைக்கு ஐம்பது, அறுபது ரூபாய் தேறினால் நல்ல ஊர். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுப் பாக்கிக்கு இழுத்தடிக்கிற ஊர்களுக்கு எங்களுக்குள் தனிப் பெயர் உண்டு. அச்சில் போட முடியாது.

அந்தக் காலத்தில் படம் வருவதற்கு முன்பே கேசட் வந்துவிடும். புதுப் பாட்டை முதலில் மேடையேற்றுவது யார் என்பதில் எங்கள் குழுவுக்கும் மதுரைக் குழுக்களுக்கும் போட்டி. ‘முதல் மரியாதை’ வந்த 1985இல் ஊரெல்லாம் அந்தப் புல்லாங்குழலைத்தான் கேட்டார்கள். எங்கள் குழுவில் குழல் கிடையாது. ஆர்கனில் வாசித்துப் பார்த்தார்கள். பாட்டு வந்தது, பாட்டின் காற்று வரவில்லை. கோட்டையூரில் ஒரு தையல்கடையில் காஜா எடுக்கிற பையன் குழல் வாசிப்பான் என்று கேள்விப்பட்டு, அவனைச் சைக்கிள் கேரியரில் வைத்து ஒத்திகைக்குத் தூக்கி வந்தோம். வாசித்தான். எல்லாரும் வாயடைத்துப் போனோம். ஆனால் அவனிடம் இருந்தது ஒரே ஒரு குழல். அதன் சுருதி, பாட்டின் சுருதியைவிட அரைக் கட்டை மேலே.

குழலை மாற்ற முடியாது. ஆகவே மொத்தக் குழுவும் அரைக் கட்டை ஏறியது. பேஸ் கிட்டார்க்காரர் விரலை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் போதும், முடிந்தது வேலை. தபேலாக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி ஏற்றினார். மாட்டிக்கொண்டவர் ஆர்கன்காரர். இன்று கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் சுருதி தானாக மாறும். அவருடைய பெட்டியில் அந்த வசதி கிடையாது. வெள்ளைக் கட்டைகளில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற மனிதர் கறுப்புக் கட்டைகளில் தடவித் தடவி, ஒரு வாரம் பட்டறைத் திண்ணையில் ராத்திரி ராத்திரியாகப் பழகினார். லேடி சிங்கருக்கு மேல் ஸ்தாயி எட்டுமா என்ற கவலை வேறு. கானாடுகாத்தானில் அந்தப் பாட்டுக்கு மூன்று முறை ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அன்பளிப்புச் சீட்டு மேடைக்கு வந்தபடியே இருந்தது. ‘குழல் வாசிக்கும் தம்பிக்கு ரூபாய் 11’ என்று எழுதி அனுப்பிய ஆச்சி யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

இவ்வளவு விவரமாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் ஆர்கன்காரர் கற்றதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஊரில் மேடை இருந்ததால்தான் கற்றார். பாதிப் பாட்டில் டிரம்ஸ் பெடலின் ஸ்பிரிங் அறுந்தால், பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக அறுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த சரணத்தில் தாளத்துக்குள் நுழைகிற சாமர்த்தியமும் அப்படி வந்ததுதான். டியூபை அறுத்துத் தந்தது நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை.

எங்களோடு அலைந்த நண்பன் ஒருவன் பிறகு லண்டன் போனான். அங்கே மதுக்கடைகளில் வாரம் தவறாமல் உள்ளூர் இசைக்குழுக்கள் வாசிக்கும், இளவட்டங்கள் அவர்கள் பின்னாலேயே கடை கடையாகப் போவார்கள் என்று சொல்வான். “நம்ம ஊர்ல குடிக்கிறவன் மேடைக்குப் பின்னாடி நின்னான், அங்க மேடைக்கு முன்னாடி நிக்கிறான், அவ்வளவுதான்டா வித்தியாசம்” என்பான். பீட்டில்ஸ் குழு 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் ஒரு ராத்திரிக்கு நாலைந்து மணி நேரம் வாசித்துத் தேறிய கதை உலகத்துக்கே தெரியும். அதற்கு நடுவில்தான் லிவர்பூலின் கேவர்ன் கிளப், பிறகுதான் மற்றதெல்லாம்.

நம்மிடமும் அதே கதை உண்டு. பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் பாவலர் வரதராஜன் தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார்கள். பதின்ம வயதிலேயே அண்ணனோடு ஆர்மோனியம் சுமந்து போன தம்பிதான் 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்த இளையராஜா. அந்த வாய்ப்பைக் கொடுத்த பஞ்சு அருணாசலம் எங்கள் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர் என்பதைச் சொல்லாவிட்டால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள். இதே சிவகங்கை மாவட்டத்துச் சூராணத்தில் பிறந்த சின்னப்பொண்ணு கோயில் திருவிழாக்களில் பாடி வளர்ந்தவர். 2008இல் ‘காதலில் விழுந்தேன்’ படத்தில் அவர் பாடியது நாடு முழுக்கக் கேட்டது. 2018இல் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ பட்டத்தை வென்ற செந்தில் கணேஷ் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தவர். அவரும் கிராமத்து மேடையில் தேறிய பிறகே ஸ்டுடியோவுக்குள் போனவர். மேடை இல்லாத ஊரிலிருந்து தொலைக்காட்சிக்கு யார் போவார்கள்?

இனி, சட்டத்துக்கு வருகிறேன். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிப்படுத்தியது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நிகழ்ச்சிகளுக்காக, ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல், மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. நியாயமான விதி என்றே நான் சொல்வேன். விடிய விடியக் குழாய் ரேடியோ அலறிய ராத்திரிகளில் பிள்ளை பெற்ற வீடும் நோயாளி கிடந்த வீடும் எங்கள் தெருவிலும் இருந்தன. இருபது வயதில் எங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

இந்த விதி கச்சேரியைக் கொல்லவில்லை. ஆறரை மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் மூன்றரை மணி நேரம். இருபத்தைந்து பாட்டு தாராளமாகப் பாடலாம். வெயில் தாழ்ந்திருக்கும், பிள்ளைகள் விழித்திருக்கும். இன்னொன்றும் உண்டு: பெண்கள் வருவார்கள். என் அக்காவுக்கு என்னைவிடப் பாட்டுப் பைத்தியம். ஆனால் எங்கள் தெருவுக்குக் கச்சேரி வந்தால்தான் பாய் விரித்து உட்கார்ந்து கேட்க அவளுக்கு அனுமதி; அதுவும் பக்கத்து வீட்டு ஆச்சி துணைக்கு வந்தால். மற்ற ஊர்க் கச்சேரியை நான் மறுநாள் வந்து சொல்லித்தான் கேட்பாள். எந்தப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர், யார் வரி மறந்தார், லேடி சிங்கர் என்ன நிறச் சேலை, எல்லாம் சொல்லியாக வேண்டும். சாயங்காலக் கச்சேரியாக இருந்திருந்தால் அவளே போய்க் கேட்டிருப்பாள்.

நேரத்தைத் தின்பது எது என்று விழாக்குழுக்களுக்குத் தெரியும். எங்கள் தெருக் கோயில் கமிட்டியில் நானும் இருக்கிறேன், தலைக்கட்டு வரி வசூலுக்கு வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். ஆகவே உள்ளிருந்தே சொல்கிறேன். பொன்னாடை போர்த்துவது மரியாதை. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. கச்சேரி முடிந்த பிறகு போர்த்துங்கள் என்றுதான் சொல்கிறேன். பத்து மணிக்கு மைக்கை அணைத்த பிறகு பொன்னாடை போர்த்த எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. பேச்சு மட்டும் இருக்காது.

அடுத்தது பணம். டிவியில் பாடிய முகத்தைச் சென்னையிலிருந்து லட்சக் கணக்கில் கொடுத்துக் கூட்டி வருகிறோம். வருகிறவர் பென் டிரைவில் டிராக் கொண்டுவருகிறார். மேடையில் பாட்டுக்காரர் உண்டு, பாட்டு உண்டு, வாசிக்கிற கை ஒன்றுகூட இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பிழைப்பு. நாம் கொடுக்கிற காசில் உள்ளூர் டிரம்ஸ்காரனுக்கும் கீபோர்டுக்காரனுக்கும் ஒரு ராத்திரிகூட மிஞ்சாமல் போவதைச் சொல்கிறேன். ஐந்து நாள் மேடை போடுகிற ஊர், அதில் ஒரு நாளையாவது மாவட்டத்துக்குள் இருக்கிற குழுவுக்கு ஒதுக்கலாம், டிராக் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று பேசி ஒதுக்கலாம். முதல் வருஷம் சுமாராகத்தான் வாசிப்பார்கள். எங்கள் குழுவும் முதல் வருஷம் சுமாராகத்தான் வாசித்தது; மகர்நோன்புப் பொட்டலில் ஒரு கச்சேரியில் பாதிக் கூட்டம் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து போனவர்கள் அடுத்த வருஷம் வந்தார்கள்.

எங்கள் வட்டாரத்தில் வள்ளி திருமண நாடகம் இன்னமும் நடக்கிறது. ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று ஆட்கள் நேரில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது ஆர்மோனியக்காரர் இருவரையும் மடக்குவார். அந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருக்கிற ஊர்களுக்கு மெல்லிசைக் குழுவைக் காப்பாற்றுவது முடியாத காரியம் இல்லை. குன்றக்குடியில் பிறந்த குன்னக்குடி வைத்தியநாதன், சபா மேடைக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை வயலினை வைத்துக்கொண்டே தட்டிப் பார்த்தவர். சினிமாப் பாட்டு மட்டம் என்று சொல்கிற பெரியவர்களிடம் நான் அவர் பெயரைத்தான் எடுத்து விடுவேன்.

போன மாதம் கமிட்டிக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினேன். ஆறரை மணித் தொடக்கத்துக்குச் சம்மதம். உள்ளூர்க் குழுவுக்கு ஒரு நாள் என்பதற்கும், கொஞ்சம் முணுமுணுப்போடு, சம்மதம். “பொன்னாடையை மட்டும் முதல்ல வச்சுக்குவோம் தம்பி, பெரிய மனுசங்க பத்து மணி வரைக்கும் உக்கார மாட்டாங்க” என்றார் தலைவர். இதுவரை முப்பத்திரண்டு பேர் பட்டியலில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டம் அமாவாசைக்கு மறுநாள். அதற்குள் அதைப் பத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன்.