கேபிள் மேல் பழி

எங்கள் ஆபீஸில் லினக்ஸ் உபயோகிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அதனால் எனக்கு இரண்டு பட்டங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் 'கம்ப்யூட்டர் புலி'. ஓடாத நாளில் 'அப்பவே சொன்னோம், கேட்டாரா?'

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜி.எம். கூப்பிட்டார்.

"பன்னிரண்டு மிஷினையும் லினக்ஸுக்கு மாத்தினா லைசென்ஸ் பணம் மிச்சம்ங்கறீங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லாரையும் உட்கார வெச்சுக் காட்டுங்க. பார்ப்போம்."

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி முகத்தில் புது க்ரீம் பூசிக்கொள்ளும் மாப்பிள்ளை மாதிரி, அன்றிரவு என் லேப்டாப்புக்கு எல்லா அப்டேட்டையும் போட்டேன். (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

காலை மணி 10. கான்ஃபரன்ஸ் ரூம். சுவரில் பெரிய மானிட்டர். புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பையன் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினான். லேப்டாப்பில் படம் ஜம்மென்று இருக்கிறது. சுவரில் 'நோ சிக்னல்'.

"என்னப்பா, ஒரு கேபிளை ஒழுங்கா சொருகத் தெரியாதா? காலேஜ்ல இதுகூட சொல்லித் தரலையா?" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பையன் முகம் சுண்டிப்போய், கழற்றி மறுபடி சொருகினான். அதே நோ சிக்னல்.

இந்த இடத்தில் நிதானமான ஆள் என்ன செய்வான்? மூன்று கேள்வி கேட்பான்.

ஒன்று: மானிட்டர் எந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? நாம் ஹெச்டிஎம்ஐ வழியாகப் படம் அனுப்ப, அது விஜிஏ வாசலில் காத்திருந்தால் ஜென்மத்துக்கும் சந்திப்பு நடக்காது. மானிட்டரின் 'சோர்ஸ்' பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டு: லேப்டாப்புக்கு மானிட்டர் தெரிகிறதா? டெர்மினலில் 'எக்ஸ்ரேண்டர்' என்று ஒரு கட்டளை (எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர், சேர்த்து அடிக்கவும்). ஒவ்வொரு வாசலின் பெயரையும் போட்டு, பக்கத்தில் 'கனெக்டட்' அல்லது 'டிஸ்கனெக்டட்' என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். கனெக்டட் என்று வந்தும் படம் இல்லையென்றால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தத் திரையை ஆன் செய்தாலே பெரும்பாலும் போதும். (புதிய டெஸ்க்டாப்கள் பலவற்றில் 'வேலண்ட்' என்ற ஏற்பாடு வந்துவிட்டது. அங்கே பெரும்பாலும் செட்டிங்ஸில்தான் மாற்ற வேண்டும்.)

படம் வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் பூதாகரமாக இருக்கிறதா? ஒவ்வொரு மானிட்டரும் தன் ஜாதகத்தைக் கையில் வைத்திருக்கிறது. ஈடிஐடி என்று பெயர். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். 'நான் இன்னார், எனக்கு இத்தனை புள்ளி அகலம், உயரம்' என்று அதில் இருக்கும். மட்டமான கேபிளோ அடாப்டரோ நடுவில் அதை விழுங்கிவிட்டால், லேப்டாப் எதற்கு வம்பு என்று 1024-க்கு 768 என்ற அளவிலேயே நின்றுவிடுவது வழக்கம்.

மூன்று: பட்டியலில் அந்த வாசலின் பெயராவது இருக்கிறதா? பெயரே இல்லையென்றால் கோளாறு கேபிளில் இல்லை. டிரைவரில்.

நான் இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. புலி அல்லவா? எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப் என்ற கோப்பை ஞாபகத்திலிருந்தே விறுவிறுவென்று எழுதி, ரீஸ்டார்ட் செய்தேன். லேப்டாப் திரையும் இருண்டது. அதுவரை ஒன்றுதான் தெரியவில்லை. இப்போது இரண்டுக்கும் சம நீதி.

ஜி.எம். வாட்ச்சைப் பார்த்தார். அக்கவுண்ட்ஸ் சீனியர், "பேசாம ஒரு பிரிண்ட் எடுத்து ஆளுக்கொண்ணு குடுத்துடுங்களேன்" என்றார்.

"சார், கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 அடிச்சுப் பார்க்கலாமா?" என்று காதருகே மெல்லிய குரல். டிரெய்னி.

அடித்தேன். வெறும் எழுத்துத் திரை வந்தது. நான் எழுதிய கோப்பை நானே அழித்தேன். லேப்டாப் திரை உயிர் பெற்றது.

"எக்ஸ்ரேண்டர் போடுங்க சார்."

போட்டேன். லேப்டாப்பின் சொந்தத் திரை மட்டும் பட்டியலில் இருந்தது. ஹெச்டிஎம்ஐ என்ற பேச்சே இல்லை.

"கேபிள் சரியில்லைன்னா டிஸ்கனெக்டட்னு வரணும் சார். இங்க பேரே காணோம். நேத்து எதாவது அப்டேட் போட்டீங்களா?"

எச்சில் விழுங்கினேன்.

விஷயம் இதுதான். என் லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள். ஹெச்டிஎம்ஐ வாசல் இரண்டாவது சிப்போடு இணைந்தது. அதன் டிரைவர் கெர்னலோடு வருவதில்லை. கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கென்று புதிதாகத் தயாராக வேண்டும். ராத்திரி புது கெர்னல் வந்துவிட்டது, டிரைவர் தயாராகவில்லை. டிரைவர் இல்லாததால் வாசலும் இல்லை.

வைத்தியம் சுலபம். ரீஸ்டார்ட் செய்து, 'க்ரப்' மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தோம். (அதை அழிக்காமல் வைத்திருந்த லினக்ஸுக்கு ஒரு கும்பிடு.) மணி 10.40-க்குச் சுவரில் படம் வந்தது.

லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸிடம் 2012-ல், ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், இந்த இரட்டைச் சிப் லேப்டாப் தொல்லை பற்றிக் கேட்டார்கள். மனிதர் கேமராவைப் பார்த்து, ஒரு சிப் கம்பெனிக்கு நடுவிரலையே காட்டிவிட்டார். எனக்கு அந்த வசதியும் இல்லை. டெமோவுக்கு முதல் நாள் அப்டேட் போட்டவன் எந்த விரலை நீட்டினாலும் அது என்னையே காட்டும்.

டீக்கடையில், "சாரிப்பா" என்றேன். "பரவால்ல சார்" என்றான். ஆனால் கணக்கு உதைத்தது. திட்டியது பன்னிரண்டு பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது டீ மாஸ்டர் முன்னால்.

மறுநாள் அதே கான்ஃபரன்ஸ் ரூமில், அதே பன்னிரண்டு பேர் முன்னால் எழுந்து சொன்னேன்: "நேத்து கேபிள் சரியாத்தான் இருந்துது. தப்பு என்னுது. கண்டுபிடிச்சது இந்தத் தம்பி."

ஜி.எம். யோசித்தார். "முதல்ல மூணு மிஷின்ல போட்டுப் பாருங்க. தம்பியும் கூட இருக்கட்டும்."

என் இரண்டு பட்டங்களில் ஒன்று இப்போது அவனிடம் போய்விட்டது. மற்றது மட்டும் என்னிடமே பத்திரமாக இருக்கிறது.