கார்கோவின் கேஷ் ஃபோல்டரில் கை வைக்கலாமா?

‘என் மெஷின்ல ஓடுதே!’ - ஐடி அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. ரஸ்ட் மொழியில் வேலை பார்ப்பவர் இப்படிச் சொன்னால், ‘கார்கோவோட கேஷ்ல ஏதாவது மாத்துனீங்களா?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ரஸ்ட் புரோகிராம்களை பில்டு செய்துதரும் டூல்தான் கார்கோ. புராஜெக்ட்டுக்குத் தேவையான லைப்ரரிகளை அதுவே டவுன்லோடு செய்யும். சுருக்கிய ஃபைலாக வரும் அவற்றைப் பிரித்து, ஹோம் டைரக்டரியில் தனக்கென வைத்திருக்கும் ‘.கார்கோ’ ஃபோல்டருக்குள் சோர்ஸ் கோடாக வைத்துக்கொள்ளும்.

எடிட்டரில் லைப்ரரி ஃபங்ஷன் ஒன்றின் மீது ‘கோ டு டெஃபனிஷன்’ கொடுத்தால், நேராக அந்த ஃபோல்டருக்குள் போய் நிற்கும். சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிழை கண்ணெதிரே தெரியும்போது, ‘ஒரு வரிதானே, இங்கேயே மாத்திடலாம்’ என்று கை பரபரக்கும். படிக்கலாம், தப்பே இல்லை. மாற்றத்தான் கூடாது.

ஏன் கூடாது?

அந்த ஃபோல்டர் புராஜெக்ட்டுக்கு வெளியே இருக்கிறது. எனவே, கிட்டில் மாற்றம் பதிவாகாது. லாக் ஃபைலில் உள்ள செக்சமும் டவுன்லோடு ஆன ஃபைலைத்தான் சரிபார்க்கும். பிரித்து வைத்த கோடை அல்ல. சக ஊழியரின் லேப்டாப்பும் சர்வரும் பழைய கோடையே இறக்கிக்கொள்ளும். ஆனால், அதே மெஷினில் அதே வெர்ஷனைப் பயன்படுத்தும் மற்ற புராஜெக்ட்களுக்குள் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நுழைந்துவிடலாம்.

இன்னொன்று: இந்த கோடு மாறாது என்று நம்பியே கார்கோ இயங்குகிறது. அதனால், மாற்றிய பிறகும் பழைய பில்டே ஓடக்கூடும். மாற்றம் நிலைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2025 ஜூனில் வந்த ரஸ்ட் 1.88 முதல், பிரித்து வைத்த கோடை 1 மாதம் யாரும் தொடாவிட்டால் கார்கோவே அழித்துவிடும்.

மாற்றியது பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் வரி என்றால்? டெவலப்பரின் லேப்டாப்பில் ஓட்டை அடைபட்டிருக்கும். டெஸ்ட்டும் பாஸ் ஆகும். வாடிக்கையாளர் பயன்படுத்தும் ஆப்பில் அது திறந்தே கிடக்கும். சரிசெய்துவிட்டதாக எல்லோரும் நம்புவதுதான் இதில் பெரிய ஆபத்து.

சரியான வழி எது?

கார்கோவிலேயே ‘பேட்ச்’ என்ற வசதி இருக்கிறது. லைப்ரரியின் கோடைத் தனி ரெப்போவாக ஃபோர்க் செய்து, அதில் மாற்றம் செய்யுங்கள். பிறகு புராஜெக்ட்டின் ‘கார்கோ.டாம்ல்’ ஃபைலில், பேட்ச் பகுதியின் கீழ் அந்த ரெப்போவைக் குறிப்பிட்டால் போதும். மாற்றம் கிட்டில் பதிவாகும், டீமில் எல்லோருக்கும் போய்ச் சேரும், ரிவ்யூவிலும் தெரியும். அதே திருத்தத்தை லைப்ரரியை எழுதியவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் புது வெர்ஷன் வெளியிட்டதும் பேட்சை எடுத்துவிடலாம்.

ஏற்கெனவே கை வைத்துவிட்டீர்களா? முதலில், மாற்றிய வரிகளை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். ‘கார்கோ கிளீன்’ மட்டும் கொடுத்தால் போதாது. அது புராஜெக்ட்டின் பில்டு ஃபைல்களைத்தான் அழிக்கும். ‘.கார்கோ’வின் ரெஜிஸ்ட்ரிக்குள் இருக்கும் ‘எஸ்ஆர்சி’ ஃபோல்டரை டெலீட் செய்துவிட்டு, கிளீனும் கொடுங்கள். அடுத்த பில்டில் ஒரிஜினல் கோடு தானாகத் திரும்ப வந்துவிடும்.

கேஷ் என்பது டூலின் ஸ்டோர் ரூம். எப்போது வேண்டுமானாலும் காலியாகலாம். அங்கே நம் வேலையை வைத்தால், இழப்பு நமக்குத்தான்.