மைவியா, சத்ரியா நியோவா?

முதல் கார் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் 2005இல் வந்த பெரோடுவா மைவி. மறுபக்கம் அடுத்த ஆண்டு வந்த புரோட்டோன் சத்ரியா நியோ. வாதம் எப்போதும் "எது வேகம்?" என்பதில் போய் நிற்கும். பழைய கார் வாங்கும் மாணவன் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி அது என்பேன்.

கடந்த மாதம் மாமாவும் நானும் இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். மைவி 1.3 ஆட்டோ, நியோ 1.6 மேனுவல். லிட்டில் இந்தியாவில் வெள்ளிக்கிழமை மாலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் இரட்டை வரிசையில் வேன், பூக்கடை முன் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் ஒரு டிரைஷா. அங்கே மைவிதான் ராஜா. உயரமான இருக்கை, லேசான ஸ்டியரிங், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. 87 குதிரைத்திறன்தான், ஆனால் மிதித்தவுடன் இழுக்கிறது. நியோவுக்கு 110 இருந்தும் குறைந்த சுற்றில் கொஞ்சம் சோம்பல். பக்கத்துக்கு ஒரே கதவு வேறு. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலுக்குப் போகப் பாட்டியைப் பின்சீட்டில் ஏற்றி முடிப்பதற்குள் மூன்று பேர் ஹாரன் அடித்துவிட்டார்கள்.

பாலேக் பூலாவ் மலைப்பாதையில் கதை தலைகீழ். நியோவின் உடல் தாழ்வானது, பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் மல்டிலிங்க் அமைப்பு, லோட்டஸ் பொறியாளர்கள் சீர்செய்த சஸ்பென்ஷன். வளைவில் திருப்பிய இடத்துக்கு அப்படியே போகிறது. மைவியின் பின்சக்கரங்கள் ஒரே குறுக்குச் சட்டத்தில் இணைந்தவை, உயரமும் அதிகம். வேகமாக வளைத்தால் சாய்கிறது. 2011 ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை நியோ வென்றதே என்பான் நண்பன். வென்றது நான்கு சக்கரமும் இழுக்கும் பந்தயக் கார், தம்பி. நமக்குக் கிடைப்பது முன்சக்கரம் மட்டும் இழுப்பது.

இருந்தாலும் மனம் நியோவிடம்தான் இருந்தது. மாமா குனிந்து சக்கரத்துக்குள் டார்ச் அடித்தார். அப்சோர்பரில் எண்ணெய்க் கசிவு. டயரின் பக்கவாட்டில் 2314 என்ற எண். 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். தேய்மானம் அதிகமில்லை, பார்வைக்குப் புதிதுபோல. ஆனால் வயதான ரப்பர் இறுகிவிடும், மழைச் சாலையில் பிடிக்காது. லோட்டஸ் கைபட்ட சஸ்பென்ஷன் அந்த டயரின் மேல் என்ன செய்ய முடியும்? விளம்பரத்தில் ஸ்போர்ட் ரிம் பற்றி மூன்று வரி இருந்தது. டயரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மைவியின் டயர்கள் ஓராண்டுகூட ஆகாதவை. பழைய மைவியின் விலை குறைந்த வகைகளில் ஏபிஎஸ் பிரேக்கும் ஏர்பேக்கும் இருக்காது. இதில் இரண்டும் இருந்தன. அதையே வாங்கினோம். வகுப்பில் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

நியோக்காரர் 500 ரிங்கிட் குறைப்பதாக மறுநாள் அழைத்தார். நான்கு டயரும் அப்சோர்பரும் மாற்ற அது போதாது என்று மாமா சொல்லிவிட்டார். மாற்றிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்க்க மட்டும் விடுவீர்களா என்று நான் கேட்டிருக்கிறேன்.