பழத்தின் தரம் தோட்டத்திலேயே காக்கப்பட வேண்டும்

நமது நாட்டில் விளையும் பழங்களிலும் மரக்கறிகளிலும் 30 முதல் 40 சதவீதமானவை நுகர்வோரைச் சென்றடைய முன்னரே வீணாகி விடுகின்றன என்பது நீண்டகாலமாகக் கூறப்பட்டு வரும் மதிப்பீடாகும். 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி இன்றி எரிபொருளுக்கும் மருந்துக்கும் அல்லலுற்ற ஒரு நாடு, தன் மண்ணில் விளைந்ததை இவ்வாறு அழுகவிடுவது வேதனைக்குரியது.

பழ ஏற்றுமதி என்றதும் குளிரூட்டப்பட்ட கொள்கலன்களும் விமான நிலையக் களஞ்சியங்களுமே முதலில் பேசப்படுகின்றன. அவை அவசியமானவையே. ஆனால், குளிர் பழம் பழுதடைவதைத் தாமதப்படுத்துமே தவிர, ஏற்கனவே பழுதடைந்ததைச் சீராக்காது. வாழைக்காயை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸில் பேண வேண்டும். அதற்குக் கீழே சென்றால் தோல் கருமை படரும். மேலே சென்றால் வழியிலேயே பழுத்துவிடும். பழுத்த ஒரு சீப்பு வெளியிடும் எத்திலீன் வாயு பெட்டியிலுள்ள ஏனையவற்றையும் பழுக்கச் செய்துவிடும். தோட்டத்தில் ஏற்பட்ட கன்றல் அன்று கண்ணுக்குத் தெரியாது. கடல் கடந்த பின்னர் கறுப்புப் புள்ளியாக வெளிப்படும். பணத்தை இழந்த கொள்வனவாளர் மறுமுறை நம்மை நாடமாட்டார்.

நமது உள்ளூர் நடைமுறையோ இதற்கு முற்றிலும் மாறானது. குலைகள் லொறிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மாங்காய்கள் சாக்குகளில் திணிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கான ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணத்தில், அவை வெயிலிலும் குலுக்கலிலும் தமது ஆயுளின் பெரும்பகுதியை இழந்து விடுகின்றன.

இதனைத் திருத்தும் முயற்சி இல்லாமலில்லை. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் பழங்களையும் மரக்கறிகளையும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றிச் செல்ல வேண்டுமென அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. நோக்கம் நியாயமானதே. எனினும், கூடைகளின் விலையையும், லொறியில் ஏற்றக்கூடிய அளவு குறைவதையும், வெறுங்கூடைகளைத் திருப்பிக் கொண்டுவரும் செலவையும் யார் சுமப்பது என்ற கேள்விக்கு விடை கூறப்படவில்லை. தம்புள்ளை உள்ளிட்ட இடங்களில் விவசாயிகளும் வியாபாரிகளும் கொதித்தெழுந்தனர். கட்டாயம் தளர்த்தப்பட்டது. சாக்கு மீண்டும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதற்கு மாறான அனுபவமும் நம்மிடமுண்டு. அண்மைய ஆண்டுகளில் இராஜாங்கனையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புளிவாழைப்பழம் டுபாய்க்கு அனுப்பப்பட்டது. குலைக்கு உறையிடுதல், குறித்த முதிர்ச்சியில் வெட்டுதல், நிலத்தில் படாது எடுத்துச் செல்லுதல், கழுவித் தரம்பிரித்து அட்டைப் பெட்டியில் அடைத்தல் ஆகியவற்றை நமது விவசாயிகள் இடர்ப்பாடின்றிக் கற்றுக்கொண்டனர். தரத்துக்கு விலை கிடைக்குமாயின் அவர்கள் தரத்தைப் பேணத் தவறமாட்டார்கள். நிறைக்கு மட்டுமே விலை கொடுக்கும் சந்தையில் அதனை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அயல்நாட்டின் படிப்பினையையும் நாம் மறந்துவிடலாகாது. பழ ஈத் தாக்கம் காணப்பட்டதால், 2014 மே மாதம் முதல் இந்திய மாம்பழங்களை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. 2015 ஜனவரியிலேயே அத்தடை நீக்கப்பட்டது. சில பொதிகளில் இருந்த குறைக்கு, ஒரு பருவகால வருமானத்தை அனைவருமே இழக்க நேரிட்டது.

மாலைதீவும் வளைகுடா நாடுகளும் நமக்கு அண்மையிலுள்ள சந்தைகள். நோன்பு காலத்தில் வளைகுடாவில் பழங்களுக்கான கேள்வி அதிகரிக்கின்றது. அச்சந்தையில் நிலைத்திருக்க வேண்டுமாயின், விளைச்சல் பிரதேசங்கள் தோறும் கூட்டுறவு அடிப்படையிலான பொதியிடல் நிலையங்கள் அமைய வேண்டும். கூடைகள் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். தர அடிப்படையிலான விலை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். பொதி நிராகரிக்கப்படும்போது அதன் இழப்பை விவசாயியின் தலையில் மட்டும் சுமத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். அநுராதபுரத்தில் இயங்கும் அறுவடைக்குப் பின்னான தொழில்நுட்பத்துக்குரிய நிறுவகத்தின் அறிவு, ஆய்வுகூடத்தைத் தாண்டித் தோட்டத்துக்கு வர வேண்டும்.

வெளிநாட்டு உதவியுடனான செயற்றிட்டங்கள் ஆரம்பத்தில் ஆரவாரம் பெறுவதும், நிதி முடிந்ததும் கட்டடங்கள் பூட்டப்படுவதும் இந்நாட்டுக்குப் புதியதல்ல. முதற் கொள்கலன் புறப்படும்போது புகைப்படத்துக்கு நிற்பது எளிது. நூறாவது கொள்கலனும் அதே தரத்துடன் புறப்படுவதை உறுதி செய்வதே அரசின் கடமையாகும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.