ஒரு பலகையின் விலை

கடல் இல்லாத பெங்களூருக்கு 1981லேயே ஒரு துறைமுகம் வந்துவிட்டது. நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் டிப்போ இங்கேதான் தொடங்கியது. இன்று ஒயிட்ஃபீல்ட் டிப்போவில் சுங்கச் சோதனை முடிந்து சீல் வைக்கப்படும் பெட்டிகள், ரயிலேறி சென்னையில் கப்பலைப் பிடிக்கின்றன.

பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் என் நண்பரின் பம்ப் உதிரிபாகங்களும் அப்படித்தான் போயின. ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் தடுத்துவிட்டார்கள். சரக்கில் குறையில்லை. குறை இருந்தது அடியில், சரக்கைத் தாங்கிய மரப் பேலட்டில். ஃபோர்க்லிஃப்ட் இடித்து உடைந்த ஒரு பலகைக்குப் பதிலாக, கொல்லையில் கிடந்த ஒன்றை அடித்திருந்தார் ஆசாரி. அதில் முத்திரை இல்லை. ஓரத்தில் மரப்பட்டை வேறு. சரக்கை வேறு பேலட்டுக்கு மாற்றிய கூலி, பழையதை எரித்த செலவு, தாமதத்துக்கான வாடகை எல்லாம் நண்பர் தலையில்.

ஒரு பலகைக்கா இவ்வளவு? 1996ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மேப்பிள் மரங்கள் துளை துளையாகச் செத்தன. சீனாவிலிருந்து வந்த பெட்டி மரங்களுக்குள் புழுவாக ஒளிந்து வந்த நீள்கொம்பு வண்டின் வேலை அது. ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 2002ல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. மரத்தின் மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, அரை மணி நேரம் நிற்க வேண்டும். பிறகுதான் கோதுமைக் கதிர் முத்திரை. பழுதுபார்க்கும்போது சேர்க்கும் புதுப் பலகையும் சூடேறி, தனி முத்திரை பெற்றிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் பழைய முத்திரையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். (ஒட்டுப்பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை. தயாரிப்பிலேயே சூடும் பசையும் பூச்சியைக் கொன்றுவிடுகின்றன.)

இத்தனையும் பட்டறைச் சுவரில் ஒட்டித்தான் இருந்தது, ஆங்கிலத்தில். ஆசாரி தர்மபுரிக்காரர். தமிழ் மட்டும் படிப்பார். அவர் கூலியில் பிடிக்கப் போவதாக நண்பர் சொன்னபோது, தவறு சுவருடையது என்றேன். "அப்படியானால் நீயே தமிழில் எழுதிக் கொடு" என்றார்.

எழுதினேன். மரத்தின் மையத்துக்கு 'உட்கரு' என்று போட்டிருந்தேன். ஆசாரி சிரித்துவிட்டார்.

"கருவுக்கு மரமென்ன முட்டையா சார்?"

"வைரம் என்று போடலாமா?"

"பேலட் மரத்துல ஏது சார் வைரம்? எல்லாம் வெளிர் மரம். பலகையோட நடு வரைக்கும்னு போடுங்க, போதும்."

எம்.ஏ. தமிழ் தோற்றது. அப்படியே போட்டேன். பட்டைக்கு விதி தரும் சலுகையையும் (3 சென்டிமீட்டருக்குள் குறுகிய துண்டு இருக்கலாம்) அவர் விரல் அகலத்தால் அளந்து, "இதுக்குப் பட்டையே இல்லாம சீவிடலாம்" என்றார்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "முத்திரை போட்ட பலகை ஒண்ணே ஒண்ணு வேணும்னா எங்க சார் விப்பாங்க?"

நண்பர் விசாரித்தார். அவர் கேட்ட நிலையங்களில் முழுப் பேலட்தான் தருவார்களாம். உடைந்தவை இப்போது பட்டறை மூலையில் குவிகின்றன. ஆசாரி அவற்றைப் பிரித்து டீக்கடைக்கு பெஞ்சு செய்கிறார். கூலியில் பிடிக்கவில்லை.