ராஜா பாட்டு தெரியுமா? அப்போ ராகமும் தெரியும்!

சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ். ஜன்னல் ஓர சீட், காதில் ஹெட்போன், வெளியே கரும்பும் மரவள்ளிக் கொல்லையும், தூரத்தில் கல்வராயன் மலை. செல்போனில் இளையராஜா. இந்தப் பக்கம் தினமும் பார்க்கிற காட்சிதான். அந்தப் பயணியிடம், 'கர்நாடக சங்கீதம் கேட்பீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் நமக்கு எங்கங்க புரியும்? அது சபாவுல உக்காந்து தாளம் போடறவங்க சமாச்சாரம்' என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆனால், அந்த நிமிஷம் அவர் காதில் ஓடிக்கொண்டிருப்பதே ரீதிகௌளையாக இருக்கலாம்!

1976-ல் 'அன்னக்கிளி' மூலம் கிராமத்து மெட்டுகளோடு வந்தவர் ராஜா. அடுத்த வருஷமே, 'கவிக்குயில்' படத்தில் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டை ரீதிகௌளை ராகத்தில் போட்டு, கர்நாடக இசை மேதை பாலமுரளிகிருஷ்ணாவைப் பாடவைத்தார். ராகத்தின் பெயர் தெரியாமலே ஊர் முழுக்க அந்தப் பாட்டை முணுமுணுத்தது.

அடுத்து 1999-ல் வந்த 'முதல்வன்' படத்தின் 'அழகான ராட்சசியே', 2008-ல் வந்த 'சுப்ரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்' இரண்டையும் கேளுங்கள். முதலாவது ஏ.ஆர்.ரஹ்மான், இரண்டாவது ஜேம்ஸ் வசந்தன். மூன்று பாட்டும் வேறு வேறு காலம், வேறு வேறு தாளக்கட்டு. ஆனாலும், அக்கா தங்கைகள் போல ஒரே முகச்சாயல் தெரியும். அந்தச் சாயலின் பெயர்தான் ராகம். ரீதிகௌளையின் ஸ்வரங்கள் ஏணிப்படி மாதிரி நேராக ஏறாது. மலைப்பாதை மாதிரி வளைந்து, ஓர் அடி பின்னால் வந்து மறுபடி ஏறும். பாட்டில் உங்களை ஏதோ செய்கிறதே, அது இந்த வளைவுதான்.

இப்போது சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா' கீர்த்தனையைத் தேடிக் கேளுங்கள். தெலுங்கு புரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் வரியிலேயே, 'அட, இது நம்ம பாட்டு!' என்று தோன்றும்.

சிந்து பாடிய பாட்டு

1985-ல் வந்த கே.பாலசந்தரின் 'சிந்து பைரவி'யில் இதைக் கதையாகவே காட்டியிருப்பார்கள். பெரிய வித்வானின் கச்சேரியில், தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள் சிந்து. அவளையே பாடச் சொல்கிறார் வித்வான். படிக்காதவள் பாடுகிற நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்குகிறது 'பாடறியேன் படிப்பறியேன்'. பாடப் பாட அது வளர்ந்து, தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. கச்சேரிகளில் அந்தக் கீர்த்தனை காம்போதி ராகத்தில் பாடப்படுவது. ராஜா அதை சாரமதிக்கு மாற்றி, கிராமத்து மெட்டும் கீர்த்தனையும் ஒரே ராகத்தில் கைகோக்கும்படி செய்தார். அந்தப் படத்துக்காக ராஜாவுக்கும், அந்தப் பாட்டைப் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

சாரமதியை அதன் சொந்த வீட்டில் பார்க்க வேண்டுமா? தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா' இருக்கிறது.

அதேபோல, 1988-ல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி' பாட்டு. சங்கீதம் கற்கும் பிள்ளைகள் ஆரம்ப வருஷங்களில் பாடுகிற மோகன ராக வர்ணத்தின் தொடக்கச் சொல்லை எடுத்து, அதே மோகனத்தில் டிரம்ஸும் கிடாருமாகப் போட்ட பாட்டு அது. ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட ராகம் என்பதால், புதிதாகக் கேட்பவர்களுக்கு மோகனம் சட்டென்று பிடிபடும்.

அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான்

பண்ணைப்புரத்தில் பிறந்த ராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்தவர். சென்னைக்கு வந்த பிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும், டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையையும் கற்றுக்கொண்டார். 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைத் திருவையாற்றுத் தியாகராஜருக்கும், ஜெர்மனியின் பாக்குக்கும் சேர்த்துச் சமர்ப்பித்தார். 2025 மார்ச் 8-ல் லண்டனில், ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய சிம்பொனியை வாசித்தது. 'நமக்கு எங்கங்க புரியும்' என்று அவர் நின்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு ஐந்து நிமிஷம். அதில் ராகம் ஓரளவுதான் தெரியும். அழகுக்காக வேறு ஸ்வரமும் வந்து கலக்கும். அதனால், முதல் நாளே அரை மணி நேர ஆலாபனையில் போய் உட்கார்ந்து, 'போரடிக்குது' என்று எழுந்துவிட வேண்டாம். சின்னச் சின்ன கீர்த்தனைகளில் தொடங்குங்கள். ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடிக் கேளுங்கள். அதன்பின் அதையே நாதஸ்வரத்தில் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு ராகம் போதும். வீட்டில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கேட்டால், 'இதே ராகத்தில் இன்னொரு பாட்டு சொல்லு' என்று போட்டியே நடத்தலாம். அதைக் கற்றுக்கொள்ளவே ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது.

செல்போனுக்கும் முன்னால், இந்த ராகங்களை நம் தெருவுக்குக் கொண்டுவந்தது நாதஸ்வரமும் தவிலும்தான். இன்று கல்யாண வீட்டில் அந்தக் கலைஞர்களிடம் நாம் கேட்பது, 'ரெண்டு சினிமாப் பாட்டு வாசிங்கண்ணே' என்பது மட்டும்தான். வேறெதுவும் கேட்க ஆளில்லை என்றால், ஒருநாள் வாசிக்கவும் ஆளிருக்காது.

அடுத்த முறை ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாடு முடிந்ததும் கொஞ்சம் பக்கத்தில் போய் நில்லுங்கள். 'சின்னக் கண்ணன் வாசிங்கண்ணே. அப்படியே ரீதிகௌளையில ஒரு கீர்த்தனையும் வாசிங்க' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சீவாளியைச் சரிசெய்துகொண்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார், பாருங்கள். அந்தப் பார்வைக்காகவாவது ஒரு ராகத்தின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.